ஐந்தில் ஒரு பங்கு மாத்திரை

ரொட்டி ஆலையில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது வருகைப் பதிவேட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக மாவு மேசையில் நின்று, பிசைந்து வந்த மாவை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவருவது அவர் வேலை. பக்கத்தில் நிஜத் தராசு ஒன்றும் இருந்தது. அது சும்மா மரியாதைக்கு. அச்சு ரொட்டிக்கு அவர் வெட்டிப் போட்டால் நானூற்றைம்பது கிராம். நிஜத் தராசு வேறு எதையாவது காட்டினால், அதைத்தான் பழுது பார்க்க அனுப்புவார்கள்.

இப்படிச் சமமாக வெட்டியே பழகிய மனுஷனுக்கு வீட்டுக்குப் போனால் மட்டும் கை சும்மா இருக்குமா? புதுச் சோப்பு வாங்கினால் நாலு துண்டு: அவர், மனைவி, இரண்டு மகள்கள். பிறந்தநாளுக்குக் கேக் வந்தால், மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து வைத்துக்கொண்டுதான் கத்தியைத் தொடுவார். மெழுகுவர்த்தியை ஊதி, கைதட்டி, கை வலித்து, வந்த விருந்தாளிகள் செருப்பைத் தேட ஆரம்பிக்கும்போது கேக் வரும். ஆனால் ஒருத்தருக்கும் ஒரு பொட்டு குறையாது. மகள்கள் சண்டை போட்டால் யார் மேல் தப்பு என்று கேட்கவே மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு திட்டு.

"இவர்கிட்ட ஒரு கோபத்தைக் கூட முழுசா வாங்க முடியாது," என்பாள் மனைவி. "அதையும் பங்கு போட்டுத்தான் தருவார்."

ஆலையில் இந்தக் குணத்துக்கு ஏக மரியாதை. எட்டு வருஷமாகத் தொழிலாளர் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். ஒருமுறை கையுறை வாங்கித் தர நிர்வாகம் சம்மதித்தபோது, எல்லோருக்கும் ஒரே சைஸ்தான் வர வேண்டும், பெரிசு சின்னது என்று பேதம் கூடாது என்று வாதாடி ஜெயித்தார். வந்த கையுறை மிக்சர் ஓட்டுகிற ஒல்லிக்கு முழங்கை வரை ஏறியது. மாவு தூக்கித் தூக்கி உரல் மாதிரி ஆகிப்போன தராசின் கையில் நாலு விரல்தான் நுழைந்தது. கட்டை விரலை வெளியே விட்டுக்கொண்டு, "அதனால என்ன? எல்லாருக்கும் ஒண்ணு!" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு சமாச்சாரம்தான் நிதானத்தில் நிற்கவில்லை. ரத்த அழுத்தம்.

அந்த வருஷ உடல் பரிசோதனையில் மேல் எண் நூற்று அறுபத்தெட்டு. ஆலை நர்ஸ் காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணே, விதி உங்களுக்கே தெரியும். மூணு மாசத்துக்குள்ள நூத்தி நாப்பதுக்குக் கீழ வரணும். இல்லேன்னா அடுப்பு இருக்கிற ஹால்ல நிக்க விடமாட்டாங்க. அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் மாத்திடுவாங்க."

அட்டைப்பெட்டிப் பக்கம் போனவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அங்கே காற்றாடி உண்டு, உட்கார ஸ்டூல் உண்டு. ஆனால் அட்டைகளை மெஷினே ஒரே அளவாக வெட்டி அனுப்பிவிடும். மடித்து வைத்தால் போதும். மெஷினே சமமாக வெட்டிவிட்ட இடத்தில் தராசுக்கு என்ன வேலை? அன்று வீட்டுக்கு வந்து கை கழுவும்போது, விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவை அவர் தேய்க்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"தண்ணி சில்லுனு இருக்கு," என்றார்.

டாக்டர்கள் மருந்து கொடுக்காமல் இல்லை. அவருக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு மாத்திரை உள்ளே போனால் தலை சுற்றும், கால் பஞ்சாகும், கை தடுமாறி நானூற்றைம்பது நானூற்று அறுபதாகிவிடும். எல்லோரும் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள், தனக்கு மட்டும் தாங்கவில்லை என்று வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் ஒரு வாரம் விழுங்குவார். பிறகு தினமும் ஒன்றாக ஜன்னலோர ரோஜாத் தொட்டியில் நட்டுவிடுவார். டாக்டர் மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்று எழுதுவார். அதுவும் தொட்டிக்கு. அந்த ரோஜாவுக்கு இன்றுவரை ரத்த அழுத்தம் வந்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆலைக்கு வந்தார். வயது முப்பது இருக்கும். தோளில் ஒரு பை, பைக்குள் இன்னொரு பை. அடுப்பு ஹாலில் அழுத்தம் அதிகமென்று பதிவான ஐந்து பேரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார். தராசு, மிக்சர் ஒல்லி, ரொட்டியை வில்லை போடும் மெஷினில் நிற்கிற பிளேடு என்கிற பெரியவர் (அந்தப் பெயர் மெஷினால் வந்ததா, வாயால் வந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை), உறை போடுகிற பேக்கிங் அக்கா, அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மச்சான். இந்த மச்சான் தராசின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஊர் உலகத்துக்கே அவர் மச்சான்தான். தராசை மட்டும் மாப்ளே என்பார்.

"வியாதி ஒண்ணுதான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா உங்க அஞ்சு பேர் உடம்பும் ஒண்ணு இல்ல. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கும், எவ்வளவு போதும், எந்த நேரத்துல போடணும்னு ஆளாளுக்குத் தனியாப் பார்த்துச் சொல்றதுதான் எங்க ஆராய்ச்சி."

முதலில் ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய் கொடுத்து, கோடு வரை எச்சில் துப்பச் சொன்னார். தராசு கோட்டின் மேல் விளிம்பும் தாண்டாமல் கீழ் விளிம்பும் குறையாமல் துப்பி நிறுத்தினார். பிறகு அடுத்தவர் குழாயை எட்டிப் பார்த்தார்.

"டேய் ஒல்லி, இன்னும் ரெண்டு சொட்டு."

"வாய் காஞ்சு போச்சுண்ணே."

"எல்லாரும் கோடு வரைக்கும் குடுத்திருக்கோம்ல? துப்புடா."

"துப்பறதுல கூடவா தராசு?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து ரத்தம். அதற்கடுத்து ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டிக்கொள்ளும் மெஷின். அரைமணிக்கு ஒருதரம் தானாகக் கையை இறுக்கி அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும். அது இறுக்கும்போது பேசக் கூடாது என்பதால், பிளேடுக்கு அது இன்னும் அடிக்கடி இறுக்கக் கூடாதா என்று மற்ற நாலு பேரும் ஏங்கினார்கள். நாலு பேருக்கு நீலப் பட்டை. தராசின் கையைப் பார்த்ததும் டாக்டரம்மா பைக்குள் இருந்த பையைத் துழாவி, அகலமான ஒரு மெரூன் பட்டையை எடுத்தார்.

"எல்லாருக்கும் நீலம், எனக்கு மட்டும் ஏன்மா மெரூன்?"

"உங்க கைக்கு நீலம் பத்தாது சார். சின்னப் பட்டையைக் கட்டினா இல்லாத அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும்."

நிறத்தில் வந்த மனக்குறை காதை அடைத்துவிட்டதால், அவர் சொன்னதில் பாதிதான் தராசின் உள்ளே போனது.

மூன்று வாரம் கழித்துப் பெட்டிகள் வந்தன. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டி, கிழமைக்கொரு அறை. ஐந்து பேரும் டீ நேரத்தில் சுற்றி உட்கார்ந்து திறந்தார்கள். மச்சானுக்கு நாளுக்கு இரண்டு, காலையில் வெள்ளை, சாயங்காலம் மஞ்சள். ஒல்லிக்குக் காலையில் ஒரு ரோஸ். பிளேடுக்கு இரண்டு, இரண்டும் பெரிசு. தராசு தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே அறைக்கு அறை பாதியாக உடைத்த மாத்திரை. அரை. சாயங்காலம் மட்டும்.

அக்கா தன் பெட்டியைத் திறந்தாள். குலுக்கினாள். கவிழ்த்தாள். ஒரு தாள் மட்டும் விழுந்தது. 'மருந்து தேவையில்லை. ஏழு மணி நேரத் தூக்கம். உப்பு குறைவாக. வாரம் ஒருமுறை வந்து காட்டவும்.'

"என்னைக் கழிச்சுக் கட்டிட்டாங்க," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நானும்தானே துப்பினேன்? நானும்தானே ரத்தம் குடுத்தேன்? ஒரு பொட்டு மாத்திரைக்குக் கூட எனக்கு அருகதை இல்லையா?"

"விடு. ஊசி நூல் போட்டு வச்சுக்க, பெட்டி நல்லா இருக்கு," என்றார் மச்சான்.

"உங்களுக்கென்ன, ரெண்டு ரெண்டா வாங்கிட்டீங்க. பேசுவீங்க."

தராசு தன் அரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதே ஹால், அதே சூடு. மச்சானுக்கு ரெண்டு, எனக்கு அரை."

"பொண்ணு குடுத்தவன் நான் மாப்ளே. கூட வரத்தான் செய்யும்."

ஒல்லி சிரித்தான். தராசு சிரிக்கவில்லை. காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சும் அக்காவைப் பார்த்தார். எட்டு வருஷச் செயலாளர் உள்ளே எழுந்து நின்றுவிட்டார். "அந்த டாக்டரம்மா நல்ல பொண்ணுதான்," என்றார். "படிச்ச பொண்ணுதான். ஆனா பங்கு போடத் தெரியல."

ஈஸ்ட் வைக்கிற அறையில் ஒரு சின்னத் தராசு உண்டு, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். நாலு பேரின் ஒரு வாரத்து மாத்திரையும் ஒரு தட்டில் கொட்டப்பட்டது. அக்கா பூரிக்கட்டை மாதிரியான மாவுருளையால் ஓங்கி ஓங்கிப் பொடித்தாள். அவள் ஆத்திரத்துக்கு மாத்திரை மட்டுமல்ல, தட்டும் நெளிந்தது. தராசு அந்தப் பொடியை மேலும் கீழுமாகப் புரட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மாவு பிசைகிற சிரத்தையோடு கலந்தார். பிறகு வெண்ணெய்த்தாளைச் சதுரமாகக் கிழித்து முப்பத்தைந்து பொட்டலம். ஐந்து பேர், ஏழு நாள். ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்கியது. ஒன்றுக்கொன்று ஒரு தூசி வித்தியாசம் கிடையாது.

"இதுதான் வைத்தியம்," என்றார் தராசு. அக்கா தன் பங்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் ஒன்றாக வாயில் போட்டார்கள். பொடி அப்படி ஒரு கசப்பு. கசப்பு தாங்காமல் ஆளுக்கு நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். ஒல்லியின் ரோஸ் மாத்திரை நீர் பிரிக்கிற மாத்திரை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பத்தேகாலுக்குத் தெரிந்தது. அந்த ஹாலுக்கு இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. மிக்சர் தனியாகச் சுற்றியது, வில்லை மெஷின் தனியாக வெட்டியது, ரொட்டிகள் உறை போட ஆளில்லாமல் ஒன்றை ஒன்று முட்டி வரிசையின் முனையிலிருந்து கீழே குதித்தன. சூப்பர்வைசர் ஓடி வந்து பார்த்தால், ஒருத்தர் உள்ளே, மற்ற நாலு பேர் கதவுக்கு முன்னால் வரிசையாக, ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

"ஒரே நேரத்துல அஞ்சு பேருமா?"

"எங்களுக்குள்ள ஒற்றுமை ஜாஸ்தி சார்," என்றார் பிளேடு. "இப்படித்தான் ஒருதரம் எங்க பெரியப்பா..."

"பெரியப்பாவை அப்புறம் சொல்லுங்க! உள்ள யாரு? தட்டுங்கய்யா!" என்று ஒல்லி அலறினான்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே வரிசை. நாலாம் நாள் வரிசையில் மச்சான் வரவில்லை. அடுப்பின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர், ஏதோ யோசிக்கிறவர் மாதிரி நின்றார். பிறகு அப்படியே பின்பக்கமாக, மெதுவாக, நாற்காலியில் உட்காருகிறவர் போலச் சாய்ந்து, உப்பி எழுந்திருந்த மாவுத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். மாவு புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அவரை இடுப்பு வரை வாங்கிக்கொண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் இதற்கு முன்னாலும் சேட்டைகள் செய்தவர்தான். சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

முதலில் சிரிப்பை நிறுத்தியது தராசு. மேசையைத் தாண்டிக் குதித்து, அக்குளில் கை கொடுத்து இழுத்தார். மாவு விடமாட்டேன் என்று நூல் நூலாக இழுத்துப் பிடித்தது. ஒல்லியும் பிளேடும் காலைப் பிடித்தார்கள். இழுக்கிற அந்த நேரத்திலும் தராசின் கண் தன்பாட்டுக்கு அளந்துவிட்டது: மச்சான் நின்ற இடத்திலிருந்து தொட்டி இரண்டு அடி. இந்தப் பக்கம், அடுப்பின் கொதிக்கிற இரும்புக் கதவும் இரண்டு அடி. அளக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அளக்கத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தார்.

மச்சான் கண்ணைத் திறந்தார். "மாப்ளே," என்றார் ஈனஸ்வரத்தில், "மெத்தை நல்லா இருக்கு. எழுப்பாதே."

ஆலை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாவோடு மாவாகப் படுத்திருந்த மச்சானை டாக்டரம்மா வந்து பார்த்தார். நாடி ரொம்ப மெதுவாக ஓடியது. அவர் மச்சானின் தாளைப் பார்த்தார், மறுபடி நாடியைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"நான் குடுத்த மருந்துல இப்படி ஆகவே கூடாது. வேற ஏதாவது போட்டாரா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. பிளேடு கூட.

தராசின் சட்டைப் பையில் மீதிப் பொட்டலங்கள் இருந்தன. எடுத்துக் காட்டினால் ஐந்து பேரையும் ஆராய்ச்சியை விட்டே துரத்திவிடுவார்கள். பரிசோதனைக்கு இன்னும் ஏழு வாரம்தான். நூற்று நாற்பதாவது ஒன்றாவது, நேரே அட்டைப்பெட்டிதான். காட்டாவிட்டால், உள்ளே போனதை எதைக் கொண்டு முறிப்பது என்று தெரியாமல் இந்தப் பொண்ணு நிற்கும். அவர் பையில் கைவிட்டு, பொட்டலங்களை ஒவ்வொன்றாக மேசையில் வரிசையாக வைத்தார்.

"என் கையால பிரிச்சதும்மா," என்றார். "எடை சரியா இருக்கும்."

டாக்டரம்மா ஒன்றைப் பிரித்தார். "என்ன இது?"

"எங்க எல்லார் மருந்தும்தான். அஞ்சு பங்கு. நீங்க அக்காவுக்கு ஒண்ணுமே குடுக்கலியே."

டாக்டரம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. அதற்குள் கடகடவென்று எழுந்து, நர்ஸைக் கூப்பிட்டு, மச்சானின் கையில் ஊசி ஏற்றி, மார்பில் ஒயர் ஒட்டி, வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். அப்போது முகத்தில் சிரிப்பே இல்லை.

"நாடியை மெதுவாக்குற மருந்து இவருக்கு ஒரு துளி கூட ஆகாது. ஏற்கெனவே மெதுவா ஓடுற நாடி. தெரிஞ்சுதான் அதை இவருக்கு நான் எழுதல. அது யாரோடது தெரியுமா?" என்று தராசைப் பார்த்தார். "உங்களோடது. உங்களுக்கு அரை ஏன்னு கேட்டிருக்கலாமே? உங்க உடம்பு அந்த மருந்தை ரொம்ப நிதானமாத்தான் செலவழிக்கும். மத்தவங்களுக்குச் சாயங்காலத்துக்குள்ள கரைஞ்சு போறது, உங்களுக்கு மறுநாளும் உள்ளயே நிக்கும். முழு மாத்திரை போட்டிருந்தா தலை சுத்தியிருக்கும், காலு தள்ளாடியிருக்கும். எச்சில்ல அதைத்தான் பார்த்தோம். உங்களுக்கு அரைதான் முழுசு."

ரோஜாத் தொட்டி தராசின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இத்தனை வருஷமாக ஒரு மாத்திரையைத் தாங்க முடியாத சொத்தை ஆள் என்று தன்னைப் பற்றி அவர் நினைத்திருந்தது யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப எனக்கு?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு அழுத்தமே இல்லைங்க. நாள் பூரா மெஷின் கட்டியிருந்தீங்கல்ல, வீட்ல, வேலையில எல்லாம் நூத்திப் பதினெட்டு. வெள்ளைக் கோட்டைப் பார்த்தா மட்டும்தான் ஏறுது."

அக்கா அந்த வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப என் வியாதியே நீங்கதானா?"

கட்டிலிலிருந்து ஒரு இருமல். மச்சான் தலையைத் திருப்பியிருந்தார். காதுக்குள் மாவு காய்ந்து அப்பியிருந்தது.

"மாப்ளே, அச்சு ரொட்டிக்கு எவ்வளவு வெட்டுவே?"

"இப்ப எதுக்கு மச்சான் அது? நானூத்தி அம்பது."

"உருண்டை ரொட்டிக்கு?"

"நானூத்தி எழுபது."

"ஏன் அந்த ஓரவஞ்சனை?"

"ஓரவஞ்சனையா? உருண்டை அச்சுல வைக்காம வேகுது. நாலு பக்கமும் சூடு படும், ஈரம் ஜாஸ்தி போகும். கூட வெட்டினாத்தானே கடைசியில ரெண்டும் ஒரே..." தராசின் வாய் அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லு, சொல்லு. நிறுத்திட்டியே?"

தராசு மச்சானின் காதிலிருந்த மாவை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"இதை முன்னாடியே இவர்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க யாரும் என்கிட்ட ரொட்டியைப் பத்திக் கேக்கலியே," என்றார் மச்சான்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அழுதாள். அண்ணனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, "சீர் செஞ்சு கல்யாணம் பண்ணி வச்ச எங்கண்ணனை இப்படி மாவுல பிசைஞ்சிட்டீங்களே!" என்று ஆரம்பித்தாள். இந்தத் தடவை கோபம் பங்கு போடப்படாமல் முழுசாகவே அவருக்கு வந்தது. அவரும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதினார். அந்த வாரத்துக் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்து பேரும் ஒரு வாரம் ஒன்றும் போடாமல் இருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க அனுமதி வந்தது. மச்சானுக்கு மட்டும் இரண்டு நாள் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்கள். பெட்டிகளுக்கு இப்போது பூட்டு. தராசு தினமும் சாயங்காலம் அந்த அரையை விழுங்கினார். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் தலை சுற்றுகிறதா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சுற்றவில்லை. கை நானூற்றைம்பதில் நின்றது. தொட்டியில் ரோஜா மட்டும் கொஞ்சம் வாடினாற்போல் இருந்தது.

பரிசோதனை நாள் வந்தது. ஆலையின் முதலுதவி அறைக்கு வெளியே வரிசை. அவர் முறை வந்ததும் உட்கார்ந்து கையை நீட்டினார். நர்ஸ் நீலப் பட்டையைச் சுற்றினாள். அது அந்தக் கையில் சுற்றி முடிக்க இடமில்லாமல் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, காற்று ஏற ஏறச் சரசரவென்று பிரியப் பார்த்தது.

"நூத்தி அம்பத்திரண்டு," என்றாள். மறுபடி பார்த்தாள். "அம்பதுண்ணே." பேனாவை எடுத்தவள் எழுதாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

தராசுக்கு அட்டை வாசனையே மூக்கில் அடித்துவிட்டது. அப்போதுதான் மெரூன் பட்டை ஞாபகத்துக்கு வந்தது. அன்று காதுக்குள் போகாத பாதி, எங்கே தங்கியிருந்ததோ, இப்போது போனது. சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. வாழ்நாளில் ஒருதரம் கூட அவர் வாயால் வராத வார்த்தை அது.

"தங்கச்சி, எனக்கு மட்டும்..." என்றார். பின்னால் வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது. "எனக்கு மட்டும் வேற பட்டை வேணும். பெரிசா."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "என்னண்ணே நீங்களே இப்படிக் கேக்கறீங்க? எல்லாருக்கும் ஒரே பட்டைதான். கையுறை வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, பேதம் கூடாதுன்னு?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தராசின் காது சிவந்தது.

"தப்பா சொன்னேன்மா," என்றார். "இந்தக் கை வேற. இதுக்கு அந்தப் பட்டை இறுக்கி, இல்லாததைக் காட்டுது. அந்தக் கையுறையும்... இதோ, ஒல்லிக்கு அது முழங்கைக்குப் போச்சு. நான் வாயைத் திறக்கல. அதுவும் தப்புதான்."

"என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதாண்ணே."

அதற்குள் வரிசையில் ஒரு சலசலப்பு. பேக்கிங் அக்கா வரிசையை விட்டு ஓடிக்கொண்டிருந்தாள். அன்று அவள் வாரம் ஒருமுறை போய்க் காட்டுகிற நாள். டாக்டரம்மா சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் படபடக்கிற அக்கா, வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். மூச்சு வாங்க, "மெரூன்! மெரூனை எடுங்க!" என்றாள்.

பைக்குள் இருந்த பையிலிருந்து மெரூன் பட்டை வந்தது. டாக்டரம்மா அதை நர்ஸிடம் கொடுத்து ஏன் என்று இரண்டு வார்த்தையில் சொன்னார். "அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க," என்றாள் நர்ஸ். பிளேடு வாயைத் திறந்தார். மச்சான் அதற்குள் ஒரு பன்னைத் திணித்துவிட்டார். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும். காற்று ஏறியது, இறங்கியது.

"நூத்தி முப்பத்தாறு."

ஒருத்தரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒருதரம் மூச்சு விட்டார்கள். அது கைதட்டலை விடப் பெரிதாகக் கேட்டது. மச்சான் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நூத்தி நாப்பதுக்கு நாலு குறையுது மாப்ளே. ஓரமா கொஞ்சம் பிச்சுப் போட்டுச் சரி பண்ணிடவா?"

தராசு மாவு மேசைக்குத் திரும்பிப் போனார். அன்று பிற்பகல் அவர் வெட்டிய முதல் துண்டை, ஒரு மரியாதைக்கு, நிஜத் தராசில் வைத்துப் பார்த்தார். நானூற்றைம்பது. பக்கத்தில் உருண்டைக்கு ஒன்று வெட்டினார். நானூற்று எழுபது. அதைக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கையுறை மூன்று சைஸில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கட்டை விரலுக்கு விடுதலை கிடைத்தது.

இப்போதும் வேலை முடிகிற நேரத்தில் ஐந்து பேரும் சாப்பாட்டு அறையில் வரிசையாக உட்காருகிறார்கள். மச்சானுக்கு மஞ்சள். பிளேடுக்குப் பெரிசில் இரண்டாவது. ஒல்லி காலையிலேயே முடித்துவிட்டதால் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறான். தராசு தன் அரையை எடுத்து, ஒரு வழக்கத்துக்காக உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்து, சரிபாதிதான் என்று திருப்தியாகி விழுங்குகிறார். கடைசியாக அக்கா தன் பூட்டைத் திறப்பாள். காலி அறையை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டுவாள். கையை வாய்க்குக் கொண்டுபோய், தலையை அண்ணாந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள்.

"எப்படி இருக்கு?" என்பார் தராசு, ரொம்பத் தீவிரமாக.

அக்கா முகத்தைச் சுளிப்பாள். "இன்னிக்குக் கொஞ்சம் கசப்பு ஜாஸ்தி."